ஜன்னலோரக் கட்டிலும் என் பேரும்

1

போன வாரம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு கட்டிலில் சாய்த்து வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட்டார்கள். இரண்டாவது சொட்டிலேயே உலகம் கரையத் தொடங்கிவிட்டது. மேலே எரிந்த விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக வெளிச்சம். வெளியே மார்ச் மாதப் பனி பெய்துகொண்டிருந்தது. பனி எது, வானம் எது, நிறுத்தி வைத்த கார்கள் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பஞ்சு மில்லுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு நிற்பதுபோல இருந்தது.

சுகமாகத்தான் இருந்தது. அறுபத்தேழு வயது மனிதனை யாரும் எந்த வேலையும் சொல்லாமல் படுக்க வைத்தால் சுகமாக இல்லாமல் என்ன செய்யும்?

மூன்றாவது சொட்டுக்குத் திரையை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். முகம் தெரியவில்லை. நீல உடுப்பு ஒன்று மிதந்து வந்து கட்டிலருகே நின்றது, அவ்வளவுதான்.

“அங்கிள், உங்க பேரைச் சொல்லுங்க.”

தமிழ். அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே குரல் இதே கேள்வியை வேறொரு ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததால் என்ன நடந்தது என்பதை, கண் கொஞ்சம் தெளிந்ததும், எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதலில் என்னைப் பற்றி. படிப்பு நாலாம் வகுப்பு. கரூரில் பதினோரு வயதில் லாரியில் கிளீனராக ஏறினேன். இருபத்தெட்டில் சொந்த லாரி. முப்பத்தைந்தில் மூன்று லாரி. நாற்பத்தாறாவது வயதில், என் சம்சாரம் ருக்மணியின் தம்பி இங்கே இன்ஜினீயராக இருந்தவன் ஸ்பான்சர் செய்ய, நியூஜெர்சியில் வந்து இறங்கினேன். அந்த வயதில் மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடுவார்கள். நான் அட்டைப்பெட்டிக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். மூன்றே வருஷத்தில் மான்மவுத் ஜங்ஷனில் சொந்தமாகக் கடை போட்டேன். அன்றைக்கு இந்தப் பக்கத்துத் தமிழர்கள் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்கு முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊருக்கு இட்லி அரிசியைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். மறுப்பவர்கள் மறுக்கலாம். கடைக்கு வந்து மறுக்கட்டும்.

கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராக என்னிடம்தான் வருவார்கள். எந்த அபார்ட்மென்டில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யும், எந்த டாக்டர் ரத்தத்தை அதிகம் எடுக்க மாட்டார், எல்லாம் நான் சொன்னால்தான். எல்லோருக்கும் நான் ‘கடை அங்கிள்’. என்னைத் தெரியாத தமிழ் வீடு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிக்கொள்வேன். இப்போதும் சொல்கிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. அந்தத் திருத்தம் பின்னால் வரும்.

அமுதா வாராவாரம் சனிக்கிழமை கடைக்கு வருவாள். பெரம்பூர்ப் பெண். பி.காம். படித்தவள். கணவன் சுரேஷுக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை. கிரீன் கார்டு வந்த கையோடு நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டாள். ஊரிலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருந்த அவளுடைய மாமியாருக்கு இது ஆறவேயில்லை. ஒருநாள் என் கடையிலேயே, துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, பஞ்சாயத்து வைத்துவிட்டார்.

“நீங்களே சொல்லுங்க சார். இன்ஜினீயர் பொண்டாட்டி போயி கண்டவனுக்கும் மூத்திரச் சட்டி எடுக்கணுமா?”

“அத்தை, மெதுவா. கஸ்டமர்ஸ் இருக்காங்க.”

“இருக்கட்டுமே. நல்லாக் கேக்கட்டும். ஒரே ஒரு தடவை ஃபெயில் ஆனா நிறுத்திடறேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருக்கா சார். நானும் அதுக்குத்தான் பொறுமையா உக்காந்திருக்கேன்.”

அமுதா விரல்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். 

“என்ன அம்மிணி, ராகு காலம் பாக்கறயா?” என்றேன்.

“இல்ல அங்கிள், நாளன்னிக்கு டெஸ்ட். மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயம் செக் பண்ணணும். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்.” கட்டை விரலில் தொடங்கிச் சுண்டு விரலில் முடித்தாள்.

“ஆளப் பாத்தா ஆளத் தெரியாதா? அதுக்குத் தனியா ஒரு வெரலா?”

“அதான் அங்கிள் கட்டை விரல். அது தப்பினா மத்த நாலும் வேஸ்ட்டு.”

“எங்கூர்ல கம்பவுண்டர் ஒருத்தரு இருந்தாரு. மூஞ்சியப் பாத்தே மருந்து ஊத்துவாரு. பேராவது ஊராவது.”

சொன்னது நிஜம்தான். கரூர் தர்மாஸ்பத்திரியில் ஒரு சின்ன ஜன்னல். வீட்டிலிருந்து பாட்டில் கழுவிக் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ரோஸ் நிறத்தில் மருந்தை ஊற்றுவார். காகிதத்தை நாடாவாக வெட்டி, ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்து, பாட்டிலின்மேல் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல் ஒரு வேளை. பேர் எழுத மாட்டார். “தறிக்காரர் வீட்டுப் பையனா? இந்தா” என்று நீட்டுவார். வாங்கிக்கொண்டு ஓடிவருவோம்.

இதைச் சொல்லிவிட்டுக் கடையில் நின்ற நாலு பேர் கேட்கும்படி சிரித்தேன். அமுதாவும் சிரித்தாள். மறுபடி கட்டை விரலில் இருந்து ஆரம்பித்தாள்.

3

அந்த வருஷம், தொண்ணூற்றாறு, பிப்ரவரி மாதம் என் நெஞ்சு ஒரு மாதிரி அடிக்க ஆரம்பித்தது. ஓடுகிற லாரியில் ஒரு டயர் மட்டும் தனியாகத் துள்ளினால் ஸ்டியரிங்கில் தெரியும் பாருங்கள், அந்த மாதிரி. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு கட்டில் உள்ள அறையில் கதவோரம் படுக்கவைத்தார்கள். மணிக்கட்டில் பேர், பிறந்த தேதி அச்சடித்த பிளாஸ்டிக் பட்டை. புறங்கையில் மருந்து ஏற்ற ஊசி குத்தி மூடிவைத்திருந்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் பாலக்காட்டு ராகவன் சார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் சர்க்கரை ஏறிப் படுத்துவிட்டார். பாத்ரூம் என் பக்கம். பாவம், கால் மணிக்கொரு தரம் என் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவர் நடக்க வேண்டியிருந்தது. எனக்கோ ஜன்னல் மேல் கண். வெளியே மரங்கள் எல்லாம் கண்ணாடி பூசினாற்போல நின்றன. ஜன்னலோரம் படுத்தால் பாதி நோய் போய்விடும் என்று தோன்றியது.

“சார், பெர்த்தை மாத்திக்கலாமா?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோனது. “டி.டி.ஆர். சண்டைக்கு வருவாரோ?”

“வந்தா நான் பேசிக்கறேன்.”

நம்மவர்கள் ரயிலில் ஏறினதும் முதலில் செய்கிற காரியம் இதுதானே? முழங்கால் வலிக்காரருக்குக் கீழ் பெர்த், குழந்தைக்காரிக்கு ஜன்னல். சார்ட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, மனிதருக்கு மனிதர் பேசித் தீர்த்துக்கொள்வோம். காலை ஏழு மணி. இரவு நர்ஸுகள் பகல் நர்ஸுகளிடம் நோயாளிகளைப் பற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அறைப் பக்கம் ஒருவரும் இல்லை. தண்ணீர்க் குவளையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு அவர் இங்கே வந்தார், நான் அங்கே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கால் மணி கழித்து ராகவன் சார் குளிக்கப் போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கையில் ஒரு சின்னக் காகிதக் கிண்ணத்தோடு அமுதா உள்ளே வந்தாள். வெள்ளை உடுப்பு, பயிற்சி நர்ஸின் அட்டை. கடைசி டெர்ம் படிக்கிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பழக்குவார்களாம். வாசலில் மருந்து வண்டியருகே அவளுடைய டீச்சர் மிஸஸ் நோவாக் நின்றது தெரிந்தது. மாத்திரையை அவர் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார். கட்டிலருகே வந்து கொடுப்பது மாணவியின் பொறுப்பு.

அவளிடம் இருந்த சீட்டில் ‘ஜன்னல் கட்டில், ராகவன், சர்க்கரை மாத்திரை’ என்று இருந்தது. ஜன்னல் கட்டிலில் படுத்திருந்தது நான்.

“அய்யோ அங்கிள், நீங்களா! என்ன ஆச்சு? கடையை யாரு பாத்துக்கறா?”

“கடை ஓடும் அம்மிணி. நான் ஓட முடியாமத்தான் படுத்துக் கெடக்கறேன்.”

சிரித்தாள். அப்புறம் முகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, “அங்கிள், ஒரு ஃபார்மாலிட்டி. உங்க பேரும் டேட் ஆஃப் பர்த்தும் சொல்லுங்க” என்றாள்.

இப்போது யோசித்தால் சின்ன விஷயம். அப்போது எனக்குச் சுருக்கென்றது. வயதில் பெரிய மனிதனை, நாலு வருஷமாகப் பழகியவனை, முகத்துக்கு நேராக ‘உன் பேர் என்ன’ என்று கேட்டால்? போலீஸ்காரன் கேட்பான். கேட்டபோதே நான் திருப்பி நாலு வார்த்தை கேட்டவன்.

“என்னையா பேரு கேக்கறே? நீ இந்த ஊருல வந்து எறங்கின அன்னைக்கு, பனியில நடுங்கிட்டு நின்னயே, உனக்கு மொத மொத சூடா டீ போட்டுக் குடுத்தது யாரு?”

“நீங்கதான் அங்கிள். மறப்பேனா? இது ரூல்ஸ், அதான்... பேரை மட்டும்…”

“ரூல்ஸெல்லாம் வெள்ளக்காரனுக்கு. நமக்குள்ள என்ன? குடு இங்க.”

அவள் கை தயங்கித் தயங்கி என் மணிக்கட்டுப் பக்கம் வந்தது. பட்டையைப் பார்க்கத்தான். நான் முழுக்கை ஸ்வெட்டர் போட்டு, மேலே சால்வை போர்த்தியிருந்தேன். “குளுருது” என்று கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன். வேண்டுமென்றே செய்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் முகம் சிவந்துவிட்டது. ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கிண்ணத்தை நீட்டினாள். நான் விழுங்கும்வரை நின்று பார்த்து, சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு போனாள். மருந்து சரி, அளவு சரி, வழி சரி, நேரம் சரி. நாலு விரலும் சரி.

4

காலைப் பலகாரமாக வந்த ஓட்ஸ் கஞ்சியை அப்படியே ஒதுக்கி வைத்தேன். பத்து மணிக்கு ருக்மணி இட்லி கொண்டுவருவாள். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் ஜன்னல் வெளிச்சம் தடித்துப்போனது. தேன் ஊற்றின மாதிரி. மரத்துக் கிளையிலிருந்து பனி ஒரு துண்டு விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது, தரைக்கு வந்து சேரவேயில்லை. ஸ்வெட்டருக்குள் வேர்வை ஊற்றியது. கை நடுங்கியது, டீசல் என்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு நியூட்ரலில் விட்டது போல. பயமாகவே இல்லை. அதுதான் ஆச்சரியம். நல்ல தூக்கம் வரும்போது வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிடுவோமே, அப்படி.

அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் கம்பவுண்டரின் ஜன்னல் தெரிந்தது.

எனக்கு எட்டு வயது. கையில் கழுவின பாட்டில். வீட்டில் தங்கச்சி பொன்னிக்குக் காய்ச்சல், மூன்று வயது. எங்கள் வீதியில் தறிக்காரர் வீடு மூன்று இருந்தது. மூன்று வீட்டிலும் என் வயதில் பையன்கள். கம்பவுண்டர் குனிந்து என்னைப் பார்க்கிறார். “தறிக்காரர் வீட்டுப் பையனா?” நான் தலையாட்டுகிறேன். “இந்தா.” பாட்டில் கைக்கு வருகிறது. ரோஸ் நிறமா, மஞ்சளா? திருப்பிப் பார்த்தால் ரோஸ். மறுபடி திருப்பினால் மஞ்சள். ஓடுகிறேன். காகிதப் பற்கள் என் உள்ளங்கையில் குத்துகின்றன. ஓட ஓட வீதி நீண்டுகொண்டே போகிறது, கடைசியில் அது நியூஜெர்சியின் ஃப்ரீவேயாக மாறிவிடுகிறது, இரண்டு பக்கமும் பனி, நான் வெறுங்காலோடு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

பொன்னி ஒரு பல் மருந்துதான் குடித்தாள். மத்தியானம் பாயில் தூங்கினாள். எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள், அவ்வளவுதான். அம்மா மட்டும் ரொம்ப நாள் கழித்து ஒரே ஒரு தடவை, “அன்னைக்கு மருந்து வேற நெறமா இருந்துச்சே” என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. யார்மீதும் நான் பழி சொல்லவில்லை. காய்ச்சலாகவே இருக்கலாம். எழுதிவைத்த காகிதம் எதுவும் இல்லையே, எடுத்துப் பார்க்க.

எங்கேயோ ஒரு நர்ஸ் கத்திக்கொண்டிருந்தாள். “மிஸ்டர் ராகவன்! மிஸ்டர் ராகவன்! கண்ணைத் திறங்க!” என்று ஆங்கிலத்தில். யாரோ ராகவனாம், பதில் சொல்லாமல் இருக்கிறானே என்று நினைத்தேன். என் கன்னத்தை யாரோ தட்டினார்கள்.

அப்போது இன்னொரு குரல் கேட்டது.

“ராகவன் இல்லீங்... நாச்சிமுத்து! அவரு பேரு நாச்சிமுத்துங்க! நாச்சிமுத்து!”

ருக்மணி. இட்லிப் பாத்திரத்தோடு வந்து நின்றவள். கல்யாணமாகி நாற்பது வருஷம். ‘ஏனுங்க’ என்பாள், ‘செந்திலப்பா’ என்பாள். ரேஷன் கடைக்காரன் கேட்டபோதுகூட பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்லச் சொன்னவள். அவள் வாயில் என் பேர் வந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கிணற்றின் ஆழத்தில் படுத்துக்கொண்டு மேலே வட்டமாகத் தெரியும் ஆகாயத்தில் என் பேரை யாரோ எழுதுவதைப் பார்ப்பதுபோல இருந்தது. 

நர்ஸ் என் ஸ்வெட்டர்க் கையை மேலே தள்ளினாள். பட்டையைப் படித்தாள். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். புறங்கை வழியாகக் குளுக்கோஸ் ஏறியது. உலகம் திரும்பி வந்தது, ஓரங்கள் முதலில். ஜன்னல் சட்டம், கட்டில் கம்பி, கடைசியாக என் சம்சாரத்தின் முகம். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையா, பேரைச் சொல்லிவிட்ட வெட்கமா, கேட்டதில்லை.

கதவோரக் கட்டிலில் ராகவன் சார் உட்கார்ந்திருந்தார். “என் சர்க்கரை மாத்திரை இன்னும் வரலியேன்னு நெனைச்சுண்டே இருந்தேன் சார்” என்றார்.

5

மறுநாள் என் மகன் செந்தில் டெக்சாஸிலிருந்து விமானம் பிடித்து வந்துவிட்டான். ரிச்சர்ட்சனில் டெலிபோன் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் போனில் பத்து நிமிஷம் பேசுகிறவன், அன்றைக்கு என் கட்டிலை விட்டு நகரவில்லை.

“அப்பா, யூ குட் ஹேவ் டைடு. புரியுதா? ஐ ஸ்போக் டு எ லாயர். நீங்க ஒண்ணும் பேச வேணாம். ஜஸ்ட் ரெஸ்ட்.”

உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு நாள் எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரி வந்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். ஊரில் பாதித் தமிழர்கள் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார்கள். எல்லோரும் அமுதாவைத் திட்டினார்கள். கட்டில் மாறியது எப்படி என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. வயதானவர்கள் குழம்பியிருப்பார்கள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நானும் குழம்பின கிழவனாகவே இருந்துகொண்டேன். மூன்று லாரிக்குச் சொந்தக்காரன், ஜன்மத்தில் முதல் தடவையாக.

மூன்றாம் நாள் மிஸஸ் நோவாக் வந்தார். சாம்பல் தலை, கழுத்தில் கயிறு கட்டின கண்ணாடி. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் பிரித்தார். இந்த நாட்டில் எது தவறினாலும் முதலில் காகிதம்தான். கீழே வழுக்கி விழுந்தால்கூட எழுதி வாங்கிக்கொண்டுதான் தூக்கிவிடுவார்கள் என்று கடையில் நான் கேலி பேசுவதுண்டு. 

அது அமுதா தன் கையால் எழுதிக் கொடுத்தது. டீச்சர் மெதுவாகப் படிக்க, எனக்குப் பிடிபடாததைச் செந்தில் சொன்னான்.

“நோயாளியின் பேரைக் கேட்டுப் பதில் வாங்கவில்லை. கைப்பட்டையைப் படிக்கவில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையது. அவரை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். அவர் பேர் எனக்குத் தெரியாது.”

அவ்வளவுதான். நான் அதட்டினது அதில் இல்லை. கையை இழுத்துக்கொண்டது இல்லை. பெரியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்தப் பெண் எழுதாமல் விட்டிருக்கிறாள். கடைசி வரிதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. நாலு வருஷம் என்னிடம் கறிவேப்பிலை வாங்கியவளுக்கு என் பேர் தெரியாது. எவருக்குத்தான் தெரியும்?

“வியாழக்கிழமை காலேஜில் முடிவு செய்யப்போகிறோம்” என்றார் மிஸஸ் நோவாக். “கேட்கவே இல்லை என்றால் அவளைப் படிப்பிலிருந்து எடுத்துவிடுவோம். நான் உங்களிடம் ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள வந்தேன். அவள் உங்கள் பேரைக் கேட்டாளா?”

“அப்பா, டோன்ட் ஸே எனிதிங்” என்றான் செந்தில்.

ஜன்னலுக்கு வெளியே பனி நின்றுபோயிருந்தது. அந்தக் கண்ணாடியில், சத்தியமாகச் சொல்கிறேன், குளுக்கோஸெல்லாம் ஏறித் தெளிந்திருந்த நேரத்திலும் ஒரு ரோஸ் நிறம் தெரிந்தது. காலை வெயிலாக இருக்கலாம். பொன்னிக்கு யாரும் ஒரு காகிதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? ‘பையனைப் பேர் கேட்கவில்லை. பையனும் சொல்லவில்லை.’

எனக்கு இங்கிலீஷ் கடைக்கு வேண்டிய அளவுதான் வரும். வந்ததைப் பேசினேன்.

“ஷீ ஆஸ்க். டூ டைம். ஐ நோ டெல். ஹேண்ட் ஐ ஹைட். பெட் ஆல்ஸோ ஐ சேஞ்ச். நாட் கன்ஃப்யூஸ். ஐ நோ கன்ஃப்யூஸ் மேன்.”

செந்தில் தலையில் கை வைத்துக்கொண்டான். மிஸஸ் நோவாக் அத்தனையும் எழுதினார். காகிதத்தை என் பக்கம் திருப்பினார். கீழே முழுப் பேரையும் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அப்பா பேரையும் சேர்த்து.

இவ்வளவு இறங்கி வந்திருக்கிறேனே, அந்த அம்மாள் ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்படியானால் அவள் மூன்றாவது தடவையும் கேட்டிருக்க வேண்டும்” என்றார். “நீங்கள் கோபித்துக்கொண்டாலும். நீங்கள் கோபித்துக்கொள்வதால் யாருக்கும் ஆபத்து இல்லை.”

எனக்கு வந்த கோபத்துக்கு நெஞ்சு டயர் மறுபடி துள்ளியது. அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் கடைசி வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தேன்.

அமுதாவை எடுக்கவில்லை. ஆனால் அந்த டெர்ம் முழுவதும் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் மாமியார் கடைக்கு வந்தார், ஜெயித்த முகத்தோடு. பின்னால் அமுதா கூடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பப் படின்னா ஃபெயில்னுதானே சார் அர்த்தம்? வாக்குன்னா வாக்குதானே?”

கடையில் அன்றைக்கும் நாலு பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

“ஃபெயில் ஆனது நானுங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “பேரக் கேட்ட புள்ளைய அதட்டுனேன். கையப் பாக்க வந்தப்ப ஒளிச்சு வெச்சேன். பரீட்ச வெச்சிருந்தா எனக்குத்தான் சைபர். அந்தப் புள்ள பாஸுங்க. நீங்க வேணும்னா என்னைய நிறுத்திக்கோங்க.”

மாமியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பருப்பு மூட்டையைப் பார்த்தார். “இதென்ன சார் இப்பிடிச் சொல்றீங்க” என்றார். உளுந்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அமுதா மறுவாரம் காலேஜுக்குப் போனாள்.

திருத்தம் என்றேனே, அது இதுதான். என்னைத் தெரியாத தமிழ் வீடு இந்தப் பக்கம் இல்லை. என் பேர் தெரிந்த வீடு, என் வீட்டைச் சேர்க்காமல், அந்த மாத்திரைக்கு அப்புறம்தான் ஒன்று உண்டாயிற்று, அமுதாவின் வீடு.

6

இனி போன வாரத்துக்கு வருகிறேன். வட்ட வட்டமான வெளிச்சம், கரைந்த ஜன்னல், நீல உடுப்பு.

“அங்கிள், உங்க பேரைச் சொல்லுங்க.”

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்து அவளுக்கு நாலு வருஷமாகிறது. இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு மாறி வந்தது எனக்குத் தெரியாது. வேறு பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கடைக்கு வருவது குறைந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அதோடு, என்ன செய்ய, பழைய குணமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

“ஏன், உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அங்கிள். நீங்க சொல்லுங்க.”

“தெரிஞ்சா எதுக்குக் கேக்கறே?”

அவள் நின்றாள். திரைக்கு அப்பால் யாரோ ஒரு கிழவர் தண்ணீர் கேட்டார். வராந்தாவிலிருந்து ஒரு குரல் அவளை ஆங்கிலத்தில் அவசரமாகக் கூப்பிட்டது. அவள் திரும்பக்கூட இல்லை. சொட்டு மருந்துக் குப்பியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. கலங்கின கண்ணுக்கு அவள் நிற்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 

“பேரு, அங்கிள்,” என்றாள். மூன்றாவது தடவை. குரலில் மரியாதை குறையவில்லை. வேறு எதுவும் குறையவில்லை.

“ஆறுமுகம் மகன் நாச்சிமுத்து.”

“பிறந்த தேதி?”

“ஜூன் ஒண்ணு. ஹெட்மாஸ்டர் வெச்சது. எங்கம்மா சொன்னது வேற.”

“பட்டையில இருக்கறது போதும் அங்கிள். எந்தக் கண்ணு?”

“வலது.”

கையை நானே நீட்டினேன். அவள் சட்டைக் கையை ஒதுக்கி, பட்டையைத் திருப்பி, எழுத்து எழுத்தாகப் படித்தாள். அப்புறம் கட்டில் கம்பியில் ஊன்றியிருந்த அவளுடைய இடது கையைப் பார்த்தேன். என் முகத்துக்கு வெகு அருகில் இருந்ததால் அது மட்டும் தெரிந்தது. விரித்த ஐந்து விரலில் கட்டை விரல் மெதுவாக உள்ளே மடங்கியது.

“மேல பாருங்க” என்றாள். பார்த்தேன். சொட்டு விழுந்தது.